அறுநூற்று நாற்பது பேரும் எதிரி இல்லாத மேஜையும்

இரண்டு பேர் சேர்ந்து மேஜையில் ஆட ஒரு பழைய போரை எடுத்தால் ஆளுக்கொரு படை. ஒருவன் இந்தப் பக்கத்து ஆட்களை வாங்கிச் சாயம் பூசுவான், இன்னொருவன் அந்தப் பக்கத்து ஆட்களை. அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும்: ஆள் எத்தனை மில்லிமீட்டர் உயரம். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயரத்தில் பேச்சு மாறினால் இரண்டு வருட வேலை குப்பைக்குத்தான் போகும்.

ஹெட்லி ஸ்டாக்டேலுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக ஒரு போர் விளையாட்டுக் கிளப்பில் இருக்கிறார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்கு வடக்கே, மூடிப்போன சுரங்கத்தின் தொழிலாளர் மன்றத்தில் மாடி அறை. வாரத்தில் ஒரு நாள் பச்சைத் துணி விரித்த மேஜைகளில் கிழடும் நடுவயசுமாக ஆண்கள் ஈயச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டி, விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுவார்கள். யாராவது 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தேநீர் கிடையாது. 'ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹெட்லி பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பள்ளியில் எழுத்து அவர் தலையில் தங்கவே இல்லை. தன் பெயரை எழுதுவார், பஸ் எண்ணைப் படிப்பார், அவ்வளவுதான். கிளப்பில் இது ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் நெவில் கார்லண்ட், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். விதியில் சந்தேகம் வந்தால் நெவில் புத்தகத்தை எடுத்து, ஹெட்லியோடு சண்டை பிடிப்பதுபோலச் சத்தமாகப் படிப்பார். "இதோ பாரு, என்ன போட்டிருக்குன்னு கேளு!" சுற்றி இருப்பவர்களுக்கு அது வாக்குவாதம். ஹெட்லிக்கு அதுதான் படிப்பு. யாரையும் எளிதில் நம்பாத மனிதர், அந்த ஒருவரை மட்டும் நம்பினார்.

சூடான் போரை எடுக்கலாம் என்றவர் நெவில். பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற மஹ்தி படை ஹெட்லிக்கு, பிரிட்டிஷ் படை தனக்கு.

"பெரிய ஆளா வாங்குவோம் வாத்தியாரே, இருபத்தெட்டு மில்லி. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல," என்றார் ஹெட்லி.

"பெருசுல அறுபது பேரை நிறுத்தினா மேஜை ரொம்பிடும். அது சண்டையா, பஸ் ஸ்டாப் வரிசையா? பதினஞ்சு மில்லி வாங்கு. அப்பத்தான் கூட்டம் கூட்டமா தெரியும்."

ஹெட்லி ஒத்துக்கொண்டார். பதினைந்து மில்லி ஆள் கட்டைவிரல் நகத்தளவுதான் இருப்பான். தாங்கியில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, நாலே முடி உள்ள தூரிகையால் இரண்டு வருடம் பூசினார். எப்படிப்பட்ட ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் நெவில்தான் படித்துச் சொன்னார். சிலுப்பின தலைமுடிக்காரர்கள் கிழக்குக் கடலோரத்து ஆட்கள், நைல் நதிச் சண்டையில் அவர்களைச் சேர்க்காதே. அங்கி அழுக்கு வெள்ளை, அதன்மேல் ஒட்டுத் துணி. ஒவ்வொரு ஒட்டையும் ஒவ்வொரு நிறத்தில் போடு. ஹெட்லி தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஒரு பொட்டலத்தில் எட்டு பேரும் ஒரே மாதிரி கத்தி ஓங்கி நிற்பார்கள். அதை அப்படியே ஒரு அட்டைத் துண்டின்மேல் ஒட்டினால் ஓடிவரும் கூட்டம் அணிவகுப்பாகிவிடும். அதனால் நாலு பொட்டலத்தைக் கலந்து, ஈட்டிக்காரனுக்குப் பக்கத்தில் கொடிக்காரன், அவனுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிற ஒருவன் என்று ஒட்டினார். இரண்டு அட்டை ஒன்றுபோல இருக்காது. மொத்தம் அறுநூற்று நாற்பது பேர்.

அக்டோபரில் கிளப்பின் வருடாந்திரக் கண்காட்சி. இந்த முறை நடு மேஜை நெவிலுக்கும் ஹெட்லிக்கும் என்று முடிவாகியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட ஹெட்லி நடு மேஜையில் ஆடியதில்லை. சுவரோரம்தான் அவருக்கு வாய்த்தது. இந்த முறை ஊரெல்லாம் வந்து சுற்றி நின்று பார்க்கும். அதற்காகத்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் பக்கத்து ஊர்க் கண்காட்சியில் மாரீனின் கடைக்குப் போனார். மாரீன் ஆட்களை வார்த்து விற்கிறவள், வாய் சும்மா இருக்காது.

"ஒட்டகம் பன்னெண்டு குடு. பதினஞ்சு மில்லி," என்றார்.

"இன்னும் சின்னதா வாங்குறீங்க? நீங்க ரெண்டு பேரும் பெருசுக்கு மாறிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"யாரு மாறினா?"

"உங்க வாத்தியாருதான். மார்ச்சுல அந்தப் பல் டாக்டர் கிரேமோட வந்து இருபத்தெட்டு மில்லியில பிரிட்டிஷ் படை, மஹ்தி படை ரெண்டையும் அள்ளிட்டுப் போனாரே. நடு மேஜைக்குன்னாரு." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், ஹெட்லி."

"தெரியும். வயசாச்சு, மறந்துடுது," என்றார் ஹெட்லி. "பெருசுல ஒரு ஆளு குடு. ஒண்ணே ஒண்ணு."

ஒட்டகங்களை அவர் வாங்கவில்லை.

மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஒவ்வொரு புதன் காலையும் நெவில் வந்திருக்கிறார். ஹெட்லியின் சமையலறையில் உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டை முக்கித் தின்றிருக்கிறார். ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த ஒட்டு நீலமா? பிரமாதம்யா," என்று சொல்லியிருக்கிறார். சொன்ன அத்தனை புதனும் அவர் வீட்டு அலமாரியில் அந்தப் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஹெட்லிக்கு அந்த 'பிரமாதம்'தான் உறுத்தியது.

அடுத்த புதன் நெவில் வழக்கம்போல வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"உன் படை எந்த அளவுல இருக்கு வாத்தியாரே?"

"நடக்குதுய்யா. நடக்குது."

"ஒரு நாள் கொண்டாந்து காட்டேன். பக்கத்துல நிறுத்திப் பார்ப்போம்."

"கண்காட்சி அன்னைக்குப் பார்த்தாத்தான் ஒரு இது. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணைப் பார்க்கக் கூடாதுல்ல," என்று நெவில் சிரித்தார்.

ஹெட்லி சட்டைப் பையிலிருந்து அந்தப் பெரிய ஆளை எடுத்து, தன்னுடைய ஈட்டிக்காரர்கள் எட்டுப் பேருக்கு நடுவில் வைத்தார். அவர்கள் அவன் இடுப்புக்கு இருந்தார்கள்.

"இவன் யாரு வாத்தியாரே? இவங்க அப்பனா?"

நெவில் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"கிரேம் பத்தடி மேஜை செஞ்சிருக்கான். நதி, கோட்டை, ஈச்சமரம்னு... அவன்கிட்ட இருக்கிறதெல்லாம் இருபத்தெட்டு மில்லிதான். நீ வந்து பார்த்தா நீயே ஒத்துக்குவே. அப்படி ஒரு மேஜை."

"எப்ப சொல்றதா இருந்தே?"

"ஒவ்வொரு புதனும் சொல்லணும்னுதான் வந்தேன். நீ புதுசா பூசினதை எடுத்து வைப்பே, எனக்கு வாய் வராது. மனசு கேக்கல, ஹெட்லி."

"பிஸ்கட்டு தின்ன மட்டும் வாய் வந்துச்சு."

நெவில் அவசரமாகச் சொன்னார்: "உன் உழைப்பு வீணாகாது. நாங்க யோசிச்சு வெச்சிருக்கோம். உன் ஆளுங்களை மேஜையோட கடைசி ஓரத்துல, மணல்மேட்டுக்குப் பின்னாடி நிறுத்தறோம். முன்னாடி பெருசு, பின்னாடி சின்னது. பாக்குறவனுக்கு ரொம்ப தூரத்துல இருந்து படை வர்ற மாதிரி இருக்கும். பெரிய பெரிய கண்காட்சியில எல்லாம் இப்படிச் செய்றாங்கய்யா."

"சரி. ஆளுங்க தூரத்துல நிக்கட்டும். நான் எங்க நிக்கிறது? பகடை யாரு உருட்டுறா?"

நெவில் ஜன்னலைப் பார்த்தார்.

"கிரேம் புது விதிப் புத்தகம் எடுத்திருக்கான். நாப்பது பக்கம். அவன் வேகமா ஆடுறவன். அவங்கவங்க விதியை அவங்கவங்களே பார்த்துக்கணும்னு சொல்றான். ஒருத்தருக்கு ஒருத்தர் படிச்சுக் காட்டிட்டிருந்தா ஆட்டம் இழுக்கும்னு..."

"எனக்குப் படிக்க வராதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

தேநீரில் ஆவி போய்விட்டது. நெவில் கோப்பையின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"அவன் கேட்டான். உன்னைச் சேர்க்க நான் ஏன் தயங்குறேன்னு கேட்டான். ஏதாவது காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கெட்ட எண்ணத்துல சொல்லலைய்யா."

ஹெட்லி சத்தம் போடவில்லை. சுரங்கத்தில் கூரை முறியும்போது கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய ஆளை எடுத்து நெவிலின் கோட்டுப் பையில் போட்டார்.

"இவன் உன் ஆளு. கூட்டிட்டுப் போ."

"ஹெட்லி..."

"தேநீரைக் குடிச்சிட்டுப் போ. கொட்டுற பழக்கம் எனக்கு இல்ல."

நெவில் குடிக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஹெட்லி அந்தத் தேநீரையும் தானே குடித்துவிட்டு, கிளப்பின் செயலாளர் பெவர்லிக்குப் போன் செய்தார்.

"கண்காட்சிக்கு எனக்கு ஒரு மேஜை வேணும்."

"நீங்க நெவிலோட நடு மேஜைதானே?"

"இல்ல. தனியா."

"இப்பக் கேட்டா கழிவறைப் பக்கம்தான் இடம் இருக்கு, பரவாயில்லையா?"

"மேஜைக்கு நாலு காலு இருக்கும்ல? குடு."

கண்காட்சி அன்று காலை, மணல் நிறக் கம்பளியைக் கழிவறைப் பக்கத்து மேஜையில் விரித்து, அறுநூற்று நாற்பது பேரையும் இறக்கினார். இறக்கி முடிக்க ஒன்றரை மணி நேரமானது. கம்பளியின் ஒரு பாதி முழுக்கப் படை, மறுபாதி வெறும் மணல். நடு மேஜையில் பல் டாக்டரின் நதியும் கோட்டையும் பளபளத்தன. பெரிய ஆட்கள் அழகாகத்தான் இருந்தார்கள். கடைசி ஓரத்து மணல்மேட்டுக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. ஹெட்லி அதை ஒருமுறை பார்த்தார். அதில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

கழிவறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர்கள் நின்றார்கள். குனிந்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தன் அங்கியிலயும் ஒட்டு வேற வேறயா இருக்கே! கண்ணு போயிருக்குமே பெரியவரே!"

"போச்சு."

"எதிரி எங்க?"

"வர்றேன்னான்."

பத்தரைக்கு பெவர்லி வெள்ளை அட்டையும் பேனாவுமாக வந்தார். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அட்டை நிற்க வேண்டும்: என்ன போர், எந்தெந்தப் படை, யார் யார் நடத்துகிறார்கள் என்று.

"எழுதிக் குடுத்துடுங்க ஹெட்லி," என்று பேனாவை நீட்டினார்.

இந்த அட்டையைப் பத்தொன்பது வருடமும் நெவில்தான் எழுதினார். ஹெட்லி பேனாவை வாங்காமல் நின்றார். நடு மேஜையில் நெவில் தலையைத் தூக்கினார். அட்டையைப் பார்த்தார். பகடையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல எழுதிக் கொடுக்கக் கிளம்பி இரண்டு அடி வந்தும்விட்டார்.

"எனக்கு எழுதப் படிக்க வராதும்மா," என்றார் ஹெட்லி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி. "நீயே எழுது."

நெவில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் குனிந்துகொண்டார்கள். பெவர்லிக்குக் காது சிவந்தது.

"எனக்குத் தெரியாது ஹெட்லி. யாருமே சொன்னதில்ல."

"சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். எழுது. சூடான் போர். மஹ்தி படை, ஹெட்லி ஸ்டாக்டேல்."

பெவர்லி எழுதினார். "பிரிட்டிஷ் படை?"

"நெவில் கார்லண்ட். பக்கத்துல 'வரவில்லை'ன்னு போடு."

"அவரு இதோ நிக்கிறாரே..."

"அவன் நிக்கிறான். படை வரல. நான் சொன்னதைப் போடு."

பெவர்லி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு குனிந்து எழுதினார். எழுதுவதற்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது என்று ஹெட்லிக்குத் தோன்றியது. அட்டையை மடித்து மேஜையில் நிறுத்திவிட்டு வேகமாகப் போய்விட்டார். நெவிலும் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார்.

ஹெட்லி அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி வரி நீளமாக இருந்தது. கையில் இறைச்சி ரொட்டியோடு ஒரு தடித்த மனிதர் கழிவறையிலிருந்து வந்தார். ஹெட்லி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதைக் கொஞ்சம் படிங்க. சத்தமா."

அந்த மனிதர் மென்றுகொண்டே படித்தார்: "சூடான் போர். மஹ்தி படை, ஹெட்லி ஸ்டாக்டேல். பிரிட்டிஷ் படை, நெவில் கார்லண்ட். தவிர்க்க முடியாத காரணத்தால் கலந்துகொள்ள இயலவில்லை."

ஹெட்லி தலையை ஆட்டினார். கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டாள். யாருமே கெட்ட எண்ணத்தில் எதையும் செய்வதில்லை.

"பேனா இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு."

"அந்தக் கடைசி வரியை அடிங்க. 'வரவில்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. பெருசா."

அந்த மனிதர் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, அடித்து, எழுதினார். பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, பொம்மைகள் ரொம்ப அழகாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஹெட்லி அவரைத் திருத்தவில்லை. அட்டையை நேராக நிறுத்தி வைத்தார். கழிவறைப் பக்கமாக ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். ஹெட்லி வழியை மறித்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."