விட்டுப்போன ஒரு தையல்

அப்பாவின் தலையை ஜோவிதா இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். சவப்பெட்டியோடு வந்த சாட்டின் தலையணையை உருவிப் போட்டுவிட்டு, மார்கரீத் அத்தை வேறொன்றை அந்த இடத்தில் வைத்தாள். அதன் உறையைப் பார்த்ததும் ஜோவிதாவின் கைகள் தளர்ந்தன.

"கெட்டியா புடி," என்றாள் அத்தை. "அண்ணன் இதுலதான் படுக்கணும். மவ போட்ட தையல்."

அப்பா எமீலின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஜோவிதா கொடுத்த உறை அது. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபின் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பெத்தாங் என்கிற குண்டு விளையாட்டு. சாயங்காலமானால் இரும்புக் குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு விளையாடக் கிளம்பிவிடுவார். குனிந்து குண்டு வீசும் ஓர் ஆள், கீழே அவர் பெயர். அப்படியொன்றைத் தன் கையால் போட்டுத் தர வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டது பொய்யில்லை. கடையில் கிடைத்த, கட்டம் எண்ணித் தைக்கும் கிராஸ் ஸ்டிச் புத்தகங்களில் ரோஜாவும் பூனைக்குட்டியும்தான் இருந்தன. ஆபீஸ் விட்டதும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வாரம் தேடினாள். கடைசியில் ஒரு பிரெஞ்சுப் பக்கத்தில் அந்த டிசைன் அகப்பட்டது. கட்டம் கட்டமான தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அன்று கருவடிக்குப்பம் வீடுவரை நடந்தே வந்தாள்.

அவள் செய்தது அவ்வளவுதான். வீசுகிறவனின் தொப்பியை முடிப்பதற்குள் நாலு தடவை எண்ணிக்கை தப்பியது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, முத்தியால்பேட்டையில் வீட்டிலிருந்தே எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கும் பார்வதியிடம் தாளையும் துணியையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறந்தநாளன்று அப்பா உறையைத் தடவிப் பார்த்து, நீயே போட்டியாம்மா என்று கேட்டார். வீடு நிறைய ஆட்கள். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

அத்தை இப்போது வந்தவர்களிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். பெயரின் கடைசி எழுத்தில் ஒரு கட்டம் தையல் விழாமல் வெள்ளையாக இருந்தது.

"இங்க ஒண்ணு உட்டுப்போச்சு பாருங்க. யாரு வந்தாலும் அண்ணன் இதத் தொட்டுக் காட்டும். இந்த எடத்துலதான் எம் பொண்ணுக்குக் கண்ணு அசந்துபோச்சுன்னு சொல்லும்."

பெண்கள் ஜோவிதாவைப் பார்த்தார்கள். ஒருத்தி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஜோவிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவள் முதுகை யாரோ தடவிக் கொடுத்தார்கள்.

கைகளை எடுத்தபோது நிலைப்படியருகே பார்வதி நின்றிருந்தாள். தெருமுனையில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரைப் பார்த்து வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையிலிருந்த சம்பங்கி மாலையைப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டாள். அந்தக் கடைசி எழுத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஜோவிதாவின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"குடுத்தப்புறம்தான் நெனப்பு வந்துதுக்கா, ஒண்ணு உட்டுட்டேன்னு. அன்னிக்கு எம் பொண்ணுக்கு ஜுரம், மடியில போட்டுக்கினே போட்டேன். நீங்க கேப்பீங்கன்னு ரெண்டு வருசமா பயந்துக்கினு இருந்தேன். மன்னிச்சிக்கங்க."

ஜோவிதா அந்த உறையை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. விருந்தாளிகளுக்குக் காட்ட அப்பா அதை எடுத்துவரப் போனாலே அவள் அடுப்படிக்கு நகர்ந்துவிடுவாள்.

பார்வதியின் கையைப் பிடித்தாள். விரல்நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தன. இவங்கதான் இதப் போட்டாங்க. மூன்றே வார்த்தை. சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள். அப்பாவும் இருந்தார்.

"யாரும்மா இது?" என்று அத்தை கேட்டாள்.

"தெரிஞ்சவங்க," என்றாள் ஜோவிதா.

பார்வதி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை, அவளும் சொல்லவில்லை.

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசியாக ஒருதடவை முத்தம் கொடுக்கச் சொல்லி அத்தை அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஜோவிதா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஷூக்களும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. பார்வதி குனிந்து, ஒவ்வொன்றாக நகர்த்தித் தன்னுடையதைத் தேடினாள். ஒன்று கிடைத்துவிட்டது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றுக்காக ஒற்றைக் காலில் நின்றாள்.