கோழித் தலை பார்த்த நாற்காலி

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் என் கணவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி போல வாசலிலேயே நின்றார்.

“ஜென்-யூ வந்துட்டானா?”

“சாயங்காலம்தான். உள்ள வாங்க, உங்க வீடுதான்.”

சிரித்தார். எங்கள் ஊர் லூகாங்கில் யார் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அது என் கணவர் சூ வென்-கூயின் கம்பெனிக் குழாயாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

கம்பெனியில் கூட வேலை பார்த்த எங்கள் மகன் ஜென்-யூவை இவர் ஒருநாள் தொழிலாளர்கள் முன்னால் திட்டிவிட்டார். “உனக்குக் குழாயைத் திறக்கத்தான் தெரியும்!” என்று. அவன் தன் மனைவி பின்-யீயைக் கூட்டிக்கொண்டு தைனான் நகரத்துக்குப் போய்விட்டான். இன்றைய விருந்தில் அவனைத் திரும்ப அழைக்கப் போவதாக இவர் என்னிடம் சொல்லியிருந்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒத்திகை கேட்டது. “தப்பு என்மேலதான். திரும்பி வா.” ஒவ்வொரு தடவையும் அது உத்தரவு போலவே வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

கோழியை அவரே சந்தையில் வாங்கியிருந்தார், தலையோடு.

“வீட்டுச் சாப்பாட்டுக்குத் தலை எதுக்குங்க?”

“அது இல்லாம விருந்து மாதிரியே இல்ல, பீ-யுன்.”

எங்கள் ஊர் வழக்கப்படி, கம்பெனியின் ஆண்டு இறுதி விருந்தில் முதலாளி கோழித் தலையை யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ, புத்தாண்டுக்குப் பிறகு அந்த ஆளுக்கு வேலை இல்லை. இவர் எப்போதும் தன் பக்கமே திருப்பி வைப்பார். “இந்த வருஷமும் போக வேண்டியவன் நான்தான்!” என்பார். மண்டபமே கை தட்டும். அந்தக் கைதட்டலுக்காகவே காத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வெந்த கோழியைத் தானே எடுத்துப்போய் வட்ட மேசையில் வைத்தார். கதவைப் பார்த்த பெரிய நாற்காலியின் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு, காரில் இருந்த மது பாட்டிலை எடுக்கப் போனார். நான் அடுப்படியில் மீனைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மீன் தட்டோடு நான் வந்தபோது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஜென்-யூ அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்-யீ தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டிலோடு இவர் உள்ளே வந்தார்.

“இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களாப்பா?” என்றான் ஜென்-யூ. “ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே. டிக்கெட் காசாவது மிச்சமாயிருக்கும்.”

“டேய், அது எனக்குடா! அது என் நாற்காலி!”

ஜென்-யூ அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. “உங்க நாற்காலியா? சின்ன வயசுலேர்ந்து நான்தாம்ப்பா இதுல உக்காருறேன். காலியா கிடக்கக் கூடாதுன்னு அம்மாதான் உக்கார வச்சாங்க.”

இவர் என்னைப் பார்த்தார். நான் மீன் தட்டை மேசையில் வைத்தேன்.

“சரி, இருக்கட்டும். திரும்பி வா,” என்றார். தப்பு என்மேல்தான் என்ற முதல் பாதி எங்கோ நின்றுவிட்டது.

“யோசிக்கிறேன், முதலாளி.”

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மகன் இரண்டு கையாலும் அப்பாவுக்கு மது ஊற்றினான். எங்கள் இருவருக்கும் புத்தாண்டுப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்தான். “அத்தை, மீன் ரொம்ப நல்லாயிருக்கு,” என்றாள் பின்-யீ. கோழியை யாரும் தொடவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் படுக்கை விரித்து வைத்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு இவர் மெதுவாக வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது கோழி அவரைப் பார்த்தது.

“இப்பதான் எல்லாரும் கை தட்டுவாங்க,” என்றார்.

தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அது ஓய்ந்ததும் அவர் முன்னால் கிண்ணத்தில் சோறு வைத்தேன்.

“சாப்பாட்டுக் குச்சி எங்க இருக்கு?”

நான் மீன் தட்டை மூடி வைத்தேன். அவரே எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.