அரை மீசை

மீசையின் இடது பாதி போயிருந்தது. சவரக்காரரின் கத்தி வலது பாதிக்குத் திரும்பும் நேரத்தில், சடங்கு செய்ய வந்த பண்டாரம் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, "கொஞ்சம் நிறுத்துங்க லா," என்றார்.

கூடாரத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெற்று மார்பில் துண்டோடு உட்கார்ந்திருந்த தேவன் கண்களைத் திறந்தார்.

"என்னா விசயம்?"

"கொள்ளி வைக்கிறதப் பத்தி உங்க அண்ணி ஏதோ பேசணுமாம்."

கொள்ளி வைப்பதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? பிள்ளை இல்லாத அண்ணன் போய்விட்டால் கூடப்பிறந்த தம்பிதான் வைக்க வேண்டும். புக்கிட் காத்திலில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பல்வலிக்காரரைப் போல எழுந்து நடந்தார். கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பாதிப்பேர் மாநில அணியின் ஜெர்சி போட்டிருந்தார்கள். அண்ணனிடம் சாஃப்ட்பால் கற்றவர்கள். அவர்களுக்கு நடுவே நின்று, சவ வண்டிக்காரருக்குச் சுடலைக்குப் போகும் வழியை விளக்கிக்கொண்டிருந்தான் கவிநேசன். எதற்கும் வழி சொல்ல இவன்தான் இருக்கிறானே என்று தேவனுக்கு வயிறு எரிந்தது.

அண்ணி கோமளா அடுப்படியில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"தேவா, கோவிச்சுக்காத. தீபாவளி முடிஞ்சு, கை கால் விழுந்து கெடந்துட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்தாரு பாரு, அப்ப வாய் கொஞ்சம் பேசுச்சு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கவி கொள்ளி வைக்கட்டும்னு சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப நீ நாற்காலியில உக்காந்ததப் பாத்ததும் எனக்குப் படபடன்னு வந்திருச்சு. அவரு வாயால சொன்னதாச்சே."

தேவன் துண்டை எடுக்காமலேயே கேட்டார். "என்னையப் பத்தி என்னா சொன்னாரு?"

கோமளா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வேணாம்னு சொல்லல. உன் பேச்ச எடுக்கல, அவ்வளவுதான்."

அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்கும் தேவனின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செலண்டார் தோட்டத்தில் இருவரும் ஆட ஆரம்பித்தபோது கையுறைகூடக் கிடையாது. லாரி கித்தானை மடித்து அம்மா தைத்துக் கொடுத்தார். அண்ணன் சாமிநாதன் ஷார்ட் ஸ்டாப், தேவன் அவருக்குப் பக்கத்து இடமான செகண்ட் பேஸ். தரையோடு உருண்டு வரும் பந்தை அண்ணன் குனிந்து அள்ளி, நிமிராமலேயே தம்பியின் நெஞ்சுக்கு நேரே தள்ளிவிடுவார். தம்பி பேஸை மிதித்து, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிவார். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். தோட்டத்து ஜனங்களுக்கு ஆட்டத்தின் சட்டம் பாதிகூடத் தெரியாது. ஆனாலும் பந்து அண்ணன் பக்கம் உருண்டாலே "ரெண்டு! ரெண்டு!" என்று கத்துவார்கள்.

அந்தக் கைக்காகத்தான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை அண்ணனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வேலை என்பது பேருக்கு; சம்பளம் ஆட்டத்துக்கு. தம்பியையும் சேர்த்தால்தான் வருவேன் என்று அண்ணன் அடம்பிடித்தார். ஆண்டுக்கணக்கில் இருவரும் அந்த அணியின் நடுவே நின்றார்கள், மாநிலத்துக்கும் ஆடினார்கள். பிறகு அண்ணனின் முட்டி தேய்ந்தது. ஆட்டத்தை விட்டு மாநில அணிக்குப் பயிற்சியாளரானார். முதல் வேலையாக, திடலோரத்து மரத்தடியில் நின்று யார் யார் எந்த இடம் என்று வாசித்தார். செகண்ட் பேஸ், கவிநேசன். தேவனின் பெயரை வாசிக்கவே இல்லை.

கவிநேசனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தேவனின் மனத்தில் மட்டும் அவனுக்கு வயது ஏறவே இல்லை. அண்ணன் பயிற்சியாளராக இருந்து கோப்பைகள் வாங்கினார், மேலாளராகி நாட்டு அணியோடு வெளிதேசம் போனார். எல்லாப் புகைப்படத்திலும் பக்கத்தில் இவன். முதலில் வீரனாக, அப்புறம் துணைப் பயிற்சியாளனாக. பொங்கலுக்குத் தேவன் வந்தால் விருந்தாளி மாதிரி முன்னறையில் உட்காருவார். கவிநேசன் நேரே அடுப்படிக்குப் போய் தானே கோப்பி கலக்கிக் கொள்வான். எந்த டப்பாவில் சீனி என்பது அவனுக்குத் தெரியும், கூடப்பிறந்தவருக்குத் தெரியாது. இந்தச் சீனி டப்பாவுக்காகவே தேவன் பல பொங்கல்களைப் பொருமலிலேயே கழித்திருக்கிறார்.

தேவன் வீட்டின் பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார். அரை மீசையோடு ஒரு மனிதன் வேறெங்கே போய் உட்கார முடியும்?

கொஞ்ச நேரத்தில் கவிநேசன் வந்தான். கையில் கோப்பி.

"அண்ணே, அக்கா சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. நீங்கதான் வைக்கணும். வாங்க, சவரக்காரரு கத்திய வச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"பிச்ச போடுறியா?"

"ஐயோ, என்னாண்ணே பேசுறீங்க."

"வேற என்னா? செகண்ட் பேஸ எடுத்துக்கிட்ட. எங்கண்ணன எடுத்துக்கிட்ட. கொள்ளிய மட்டும் எனக்கு விட்டுக் கொடுக்கிறியா? அவரு உனக்குத்தான்னு சொல்லிட்டாரு, நீயே வை. போய் உக்காரு, மொட்டை அடிச்சுக்க." தேவனின் குரல் நடுங்கியது. நடுங்குவது தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. "தைப்பூசத்துக்கு அப்புறம் வாய் சுத்தமா நின்னுபோச்சு. தெனம் காலையில நான்தான் வந்து மேலத் துடைச்சு விட்டேன், பீ மூத்திரம் அள்ளுனேன். சாயங்காலம் நீ வருவ. நீங்க ரெண்டு பேரும் காதத் தொட்டு, மூக்கத் தொட்டு, கையால என்னென்னமோ பேசிக்குவீங்க. அவரு சிரிப்பாரு. என்கிட்ட ஒரு நாளு சிரிச்சதில்ல."

"அது ஆட்டத்துச் சைகைண்ணே. காதத் தொட்டா ஃபேன் போடு, மூக்கத் தொட்டா டீவிய நிறுத்து, அப்படி மாத்தி வச்சிக்கிட்டோம்."

"எனக்கு எப்படித் தெரியும்? என்னைய வெளியாக்கின பிறகுதானே உங்க சைகையெல்லாம் வந்துச்சு! நேத்துக் காலையிலகூட நெஞ்சத் தடவித் தடவிக் காட்டுனாரு. வலிக்குது போலன்னு தைலம் போட்டுத் தேச்சு விட்டேன். கையத் தட்டி விட்டுட்டாரு. திரும்பவும் தடவுனாரு. நான் திரும்பவும் தேச்சேன். மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மத்தியானம் போயிட்டாரு. கடைசியிலயும் உன்னையத்தான் தேடியிருக்காரு, நான்தான் நடுவுல நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

கவிநேசன் கோப்பியைக் கல்லின் மேல் வைத்தான்.

"எப்படித் தடவுனாரு? காட்டுங்கண்ணே."

"எதுக்கு?"

"காட்டுங்க."

தேவன் வேண்டாவெறுப்பாகக் காட்டினார். அண்ணனுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டதால் இடது கைதான் ஆடும். இடது உள்ளங்கையை வலது தோளில் வைத்து, நெஞ்சின் குறுக்கே இடப்பக்கம் வரை வழித்தார். மறுபடியும் ஒரு தடவை வழித்தார்.

கவிநேசன் சுவரில் சாய்ந்து, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"என்னா?"

"கோச்சு, அதான் உங்கண்ணன், ஆட்டத்துல ஓரமா நின்னு தொப்பியத் தொடுவாரு, பெல்ட்டத் தொடுவாரு, காதத் தொடுவாரு. எல்லாம் எங்களுக்கு உத்தரவு. கடைசியில நெஞ்ச இப்படி வழிச்சாருன்னா, முன்னுக்குச் சொன்னது எல்லாம் கேன்சல். நீயே பாத்து ஆடுன்னு அர்த்தம்."

தேவன் கல்லிலிருந்து எழுந்துவிட்டார்.

"பொய் சொல்லாத. என்மேல பாவப்பட்டுச் சொல்ற."

"பொய் சொல்றதா இருந்தா முப்பது வருசத்துக்கு முன்னயே சொல்லியிருப்பேண்ணே." கவிநேசன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது பாவம் இல்லை. அது என்ன என்பது வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. தேவனுக்கு உடனே விளங்கியது. கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகியதுதான். "எனக்கு ஒரு பந்தாவது சைகை போடாம விட்டிருப்பாரா? ஒண்ணுகூட இல்ல. நான் தப்பு விட்டா, வேலிப் பக்கம் கையக் காட்டுவாரு. 'ஹெல்மட்டக் கழட்டாம ஒருத்தன் மோட்டார்ல உக்காந்துருக்கான் பாரு. அவன் இங்க நின்னா நான் வாயே திறக்க வேணாம், கையே அசைக்க வேணாம்'பாரு. எல்லாப் பசங்க முன்னாலயும் சொல்வாரு. நான் கேட்டுக்கிட்டே நிப்பேன்."

தேவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மட் போட்டபடியே ஆட்டம் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"அப்ப ஏன் என்னைய எடுக்கல?"

"தெரியலண்ணே. நான் கேட்டதுமில்ல. கேட்டா எடுத்துருவாரோன்னு பயம்."

"எதக் கேன்சல் பண்ணாரு? கொள்ளியவா? இல்ல, என்னைய எடுக்காம விட்டதையா?"

"அதெல்லாம் சைகையில வராதுண்ணே. முன்னுக்குச் சொன்னது எல்லாம். அவ்வளவுதான்."

தேவன் தம் கையைப் பார்த்தார். அண்ணன் நெஞ்சில் தைலத்தைக் குழைத்துக் குழைத்துத் தேய்த்த கை. சந்தோஷப்பட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் தமக்குச் சொன்னதை இவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று உள்ளே ஒரு இடத்தில் இன்னும் எரிந்தது. அந்த எரிச்சலோடேயே அவர் ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தார். சீனி அளவாக இருந்தது.

கவிநேசன் எழுந்து முன்பக்கம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "தேவன் அண்ணனுக்கு மீதி மீசையையும் எடுத்துருங்க," என்றான். பிறகு கோமளாவிடம் குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தேவன் கேட்கவில்லை. கோமளா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

சுடலையில் கூட்டம் நிரம்பி வெளியிலும் நின்றது. மழித்த தலையோடும் மீசையில்லாத முகத்தோடும் தேவன் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்து, பின்பக்கமாகப் போட்டு உடைத்தார். பெட்டி மேடையில் ஏறியது. மூடியை எடுத்தார்கள். அண்ணனின் நெஞ்சு தெரியாத அளவுக்கு ரோஜாவும் சம்பங்கியும் குவிந்து கிடந்தன. அணியிலிருந்து ஆளுக்கொரு மாலை போட்டிருந்தார்கள்.

"நெஞ்சுல கற்பூரம் வைக்கணும்," என்றார் பண்டாரம். "பூவக் கொஞ்சம் ஒதுக்குங்க."

ஜெர்சிக்காரப் பையன் ஒருவன் முன்னால் வந்தான். கவிநேசன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

தேவன் இடது கையை நீட்டினார்.

"சோத்துக்கை, சோத்துக்கை," என்று பண்டாரம் பதறினார். "நல்ல காரியமோ கெட்ட காரியமோ, வலது கையாலதான் லா."

தேவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடது உள்ளங்கையை அண்ணனின் வலது தோளில் வைத்து, நெஞ்சின் குறுக்கே மெதுவாக வழித்தார். பூக்கள் இடப்பக்கம் சரிந்து விழுந்தன. இரண்டாம் தடவை வழிக்கும்போது ஒதுக்குவதற்கு அங்கே பூ எதுவும் இல்லை.

கால்மாட்டில் நின்ற கவிநேசன் குனிந்துகொண்டான்.

பிறகு தேவன் வலது கையை நீட்டிக் கற்பூரத்தை வாங்கினார்.