ஒரு நாள் தரை

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பு தேவலையா? இடுப்பு, முட்டியெல்லாம் சொன்ன பேச்சைக் கேக்குதா? கேட்டா சரி. சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டே படிங்க. இது கொஞ்சம் கசக்கும்.

அன்னிக்குக் காலைல அவ ஹால் குழிக்கு மேல போட்டிருந்த ஒத்தைப் பலகைல நடந்துக்கிட்டே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டுட்டு இருந்தா. ஒரு கைல டீ, ஒரு கைல போன். மணி அடிக்குது, அடிக்குது, அந்தாளு எடுக்கற வழியக் காணோம். நடுவுல தம்பி போன் குறுக்க வந்துச்சு.

"அக்கா, அப்பா எழுந்திரிக்கல."

"தூங்கட்டும் விடுடா. ராத்திரியெல்லாம் இருமிட்டு இருந்திருப்பார்."

"அக்கா..."

அவ பலகை நடுவுல அப்படியே நின்னுட்டா.

அப்பாவும் அவளும்தான் அந்த வீட்டுல. குளியலறை பின்பக்கம், மூணு படி இறங்கிப் போகணும். அந்தப் படியிலதான் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டார். கால் திரும்ப ஊணுச்சு, ஆனா படி கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். சரி, ஹாலை ஒட்டியே ஒரு குளியலறை கட்டிடலாம், தூசி அடங்கறவரைக்கும் அப்பா அவ தம்பி வீட்டுல இருக்கட்டும்னு அவதான் ஏற்பாடு பண்ணினா. அப்பா மாத்துத் துணி மூணே மூணு எடுத்துக்கிட்டு, விருந்துக்குப் போற மாதிரி சிரிச்சுக்கிட்டே போனார்.

காண்ட்ராக்டர் மறுநாளே வந்தார், சொன்ன நேரத்துக்கு முன்னாடியே. சாயந்திரத்துக்குள்ள சுவத்துல ஓட்டை போட்டு, குழாய் போடறதுக்குன்னு ஹால் தரையைப் பூராத் தோண்டிட்டார். என்ன ஒரு சுறுசுறுப்புன்னு அவளுக்கு வாயெல்லாம் பல்லு. அதோட சரி. அப்புறம் எப்பப் போன் பண்ணினாலும், "இதோ வந்துட்டே இருக்கேன் அக்கா." அவ மனசுல அவருக்குப் பேரே 'இதோ'ன்னு ஆயிடுச்சு.

வேற ஆளைத் தேடினா. ஒருத்தர் வந்தார், குழியை எட்டிப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். "யாரும்மா கை வெச்சது? இன்னொருத்தன் தோண்டின குழியில நான் இறங்கினேன்னா, நாளைக்கு சுவர் விரிசல் விட்டாலும் என் தலையிலதான் விடியும்." அடுத்து வந்தவர் செருப்பைக்கூடக் கழட்டல. "அதுக்குத்தாம்மா சில பேரு முதல் நாளே ஒடைச்சுப் போட்டுடறது. ஒடைச்சுட்டா நீங்க எங்க போவீங்க?" அப்பதான் அவளுக்கு விளங்குச்சு.

ஆனா அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? தெனமும் சாயந்திரம் போன்ல கேப்பார். "என்னம்மா, எந்த மட்டுல இருக்கு?"

"டைல்ஸ் ஒட்டிட்டு இருக்காங்கப்பா."

"என்ன கலரு?"

"வெள்ளை."

"வெள்ளை வேணாம்மா. தண்ணி நின்னா தெரியாது, திரும்பவும் வழுக்கி விட்டுடும்."

"சரிப்பா, சாம்பல் கலரா மாத்தச் சொல்லிடறேன்."

இதுதான் நெலைமை. இப்ப போன்ல தம்பி மறுபடியும் பேசினான்.

"இங்கேயிருந்தே கொண்டு போயிடலாம்க்கா. எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"இல்லடா. வீட்டுக்குக் கொண்டு வா. வீட்டுக்கு வரணும்னுதானே கெடந்தார்."

"எங்க வெப்பே? அந்தக் குழியிலயா?"

தம்பிக்கே தான் சொன்னது சுருக்குன்னு குத்திருக்கும். "சரி, மத்தியானத்துக்குள்ள கொண்டு வரேன்"னு வெச்சுட்டான்.

அவ காண்ட்ராக்டருக்குக் குரல் பதிவு அனுப்பினா. "அப்பா போயிட்டார். வீட்டுக்குக் கொண்டு வராங்க. ஹால்ல தரை இல்லை." அவ்வளவுதான். திட்டறதுக்குத் தெம்பில்ல.

டீ ஆறுறதுக்குள்ள வாசல்ல வண்டி சத்தம். நம்பவே முடியல அவளால. நாலு ஆளு, வண்டி நிறைய கான்கிரீட் போடற சென்ட்ரிங் பலகை. காண்ட்ராக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இறங்கினார். "எனக்கும் அப்பா மாதிரிதான் அக்கா. நீங்க உள்ள போங்க, நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கவும் செஞ்சார், அதையும் சொல்லணும். குழிக்குக் குறுக்கே கட்டை குடுத்து, மேல பலகை அடுக்கி, ஆணி அடிச்சு, கடைசில சமமா இருக்கான்னு ரசமட்டத்தை வெச்சுப் பார்த்தார். ஒரு ஓரம் லேசா எறங்கியிருந்துச்சு. கழட்டிட்டுத் திரும்ப அடிச்சார். சுவத்து ஓட்டைல தார்ப்பாய் கட்டினார். வாசல் மணலை ஓரமா ஒதுக்கிப் பெருக்கவும் சொன்னார். அவ சமையல்கட்டு வாசல்லயிருந்து பார்த்துட்டு நின்னா. இத்தனை நாளா கெஞ்சினது இந்தக் கைகளைத்தான்.

அப்பாவைக் கொண்டு வந்து ஹால்ல கட்டில்ல கிடத்தினாங்க. பலகை ஒரு முனகல்கூட முனகல. தம்பி தார்ப்பாயைப் பார்த்தான், பக்கத்துல போய் ஒரு ஓரத்தை விலக்கிப் பார்த்தான்.

"ஹால் குழி மட்டும்தான் பாக்கின்னு சொன்னியே, டைல்ஸ் எங்கக்கா?"

அவ குனிஞ்சு அப்பா வேட்டி ஓரத்தைச் சரி பண்ணினா.

"அப்பா எதிர் வீட்டுக்காரர்கிட்டல்லாம் சொல்லிட்டு இருந்தார். சாம்பல் கலரு, வழுக்காது, என் பொண்ணு பார்த்துப் பார்த்துப் பண்றான்னு."

தார்ப்பாயை மறுபடி ஒழுங்கா இழுத்து விட்டுட்டு வந்து அவ பக்கத்துல நின்னான்.

அப்பாவோட தங்கச்சி, அத்தை, வந்தாங்க. இந்த அத்தை சும்மா இல்ல. "அண்ணனை அங்க தள்ளிவிட்டுட்டு இங்க வீட்டுக்கு மினுக்கு பண்ணிட்டு இருக்கா"ன்னு நாலு இடத்துல சொன்னவங்க. அது சுத்தி வளைச்சு அவ காதுக்கும் வந்துச்சு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, அத்தை சுத்தும் முத்தும் பார்த்தாங்க. காண்ட்ராக்டர் நாற்காலி போடறார், வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கறார், வயசானவங்களைக் கையைப் பிடிச்சு வாசப்படி ஏத்தி விடறார்.

"யாருடி இது, சொந்தக்காரங்க மாதிரி ஓடி ஓடி செய்யறாரு?"

"காண்ட்ராக்டர் அத்தை."

"அடடா! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா! நான் சமையல்கட்டை மாத்தணும்னு எத்தனை நாளா நாயா அலையறேன். அவர் நம்பரைக் குடு."

அவளுக்கு சித்தி ஞாபகம் வந்துச்சு. சித்தப்பா தவறினப்ப, அந்த வீட்டுலயும் இதே ஆளு இதே மாதிரிதான் ஓடிட்டு இருந்தார். கெட்ட நேரத்துல கூட நிக்கறவன் வேலையில ஏமாத்துவானான்னு நினைச்சு அவதான் சித்திகிட்ட நம்பர் கேட்டா. சித்தி கொஞ்ச நேரம் அவ மூஞ்சியையே பார்த்தாங்க. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் நம்பரைச் சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாங்க. துக்கத்துல இருக்காங்க, பாவம்னு இவ நினைச்சுக்கிட்டா. அந்த வீட்டு மாடிப்படி பாதியில நின்னது அன்னிக்கு இவ கண்ணுல படவே இல்ல.

"என்னடி என் மூஞ்சியையே பார்க்கறே? நம்பர் இல்லியா?"

"இருக்கு அத்தை. எழுதிக்கோங்க."

நிறுத்தி நிதானமா சொன்னா. அத்தை திருப்பிச் சொன்னப்ப ஒரு எண் தப்பா இருந்துச்சு. அதையும் திருத்திக் குடுத்தா.

அப்பாவைக் கொண்டு போனாங்க. எல்லாம் முடிஞ்சு அவ தனியாத் திரும்பி வந்தப்ப வெயில் சாய்ஞ்சிருந்துச்சு. வாசல்ல அதே வண்டி. உள்ளே ஆணி பிடுங்கற சத்தம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா, பலகை இன்னொரு சைட்டுக்குப் போகணும். நாளைக்குக் காலைல முதல் வேலையா இங்கதான்."

அவ ஒதுங்கி வழி விட்டா. பலகை ஒண்ணொண்ணா வாசல் தாண்டிப் போச்சு. வண்டி கெளம்பிப் போனதும் போன் அடிச்சுது. அத்தை.

"ஏண்டி, அவர்கிட்ட இப்பத்தான் பேசினேன். முதல் ரிங்லயே எடுத்துட்டாரு! நாளைக்குக் காலைலயே வந்து ஒடைக்க ஆரம்பிச்சுடறேன்னு சொல்றாரு. தங்கமான மனுஷன்!"

"சரி அத்தை. பாத்திரத்தையெல்லாம் இப்பவே எடுத்து வெச்சுடுங்க. தூசி படும்."

போனை வெச்சுட்டு வாசப்படியில உள்பக்கம் பார்த்து உக்காந்தா. காலைத் தொங்கப் போட்டா. ஹால் குழியில, ஈர மண்ணு மேல, பாதம் எட்டியும் எட்டாம நின்னுச்சு.

இவ்வளவுதாங்க கதை. அவ இடத்துல நீங்க இருந்தா அந்த நம்பரைக் குடுத்திருப்பீங்களா? உங்க வீட்டு வேலைக்கு ஆளை எங்க, யாரு சொல்லிப் பிடிச்சீங்க? நடந்ததை நடந்தபடி எழுதுங்க, மறைக்காம.