கோபத்துக்கு ஒரு மாத்திரை

எங்கள் கால் சென்டரில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். சிரித்துக்கொண்டே பேசினால் குரலிலும் சிரிப்பு கேட்குமாம். எதிர்முனையில் இருப்பவன் வண்டி வண்டியாகத் திட்டினாலும் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும்.

நேற்று என் பக்கத்து சீட்டுக்காரி, நிறைமாதக்காரி, பாத்ரூம் போகக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "லைன்ல ஆள் காத்திருக்காங்க, உக்காரு" என்றார் சூப்பர்வைசர். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துபோனாள். அப்போதும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" என்று மொத்தத் தளமும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

இன்று என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சூப்பர்வைசரை எங்கும் அனுப்பவில்லை. அவருக்குத்தான் கோபமே வராதே!

"பத்துக்கு எவ்வளவு கோபம்னு சொல்லுங்க" என்றார் ஆலோசகர் அம்மா. நான் முறைத்தேன். "இது ஸ்ட்ரெஸ்தாம்மா. ஒத்துக்கிட்டு சிகிச்சை எடுத்தா வேலை நிலைக்கும். இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

எங்கள் குடும்பத்துக்கு இதொன்றும் புதிதில்லை. அம்மாவின் அத்தை, புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்த அன்று பாத்திரங்களையெல்லாம் தெருவில் வீசினாளாம். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிப்போட்டு அடித்தார்கள். புருஷனுக்கு எந்தப் பேயும் பிடிக்கவில்லை. அம்மா ஒரு நாள் அப்பா மேல் சோற்றுத் தட்டை எறிந்தாள். அது நரம்புக் கோளாறாம். அன்றிலிருந்து தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. இப்போது எனக்கு ஸ்ட்ரெஸ். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். அடி நின்றிருக்கிறது, அதுதான் முன்னேற்றம்.

"எனக்கு வியாதி இல்ல மேடம், கோபம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் கையில் தண்ணீரும் மாத்திரையுமாக நின்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"இவளுக்கும் ஒண்ணு குடு. அம்மாவுக்குத் தப்பாம பொறந்திருக்கா!" என்று ஹாலிலிருந்து அப்பா சிரித்தார்.

எனக்கு மறுபடி ஏறியது. ஆனால் கத்தவில்லை.

"அம்மா, அன்னிக்கு ஏன் தட்டை எறிஞ்சே?"

அம்மா என்னையே பார்த்தாள். "இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேக்கலடி."

மாத்திரை கழுவுதொட்டியில் விழுந்தது. நான் ஹால் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதே" என்றாள் அம்மா. "அவரும் கேக்கட்டும்."