முடியாத புரட்டாசி

1

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. குக்கர் வைத்தவர்கள் விசில் அடங்கியதும் வந்தால் போதும், நான் காத்திருக்கிறேன். ஒரு கதை சொல்லப்போகிறேன். ஆனால் இது முழுசாகச் சமைத்து இறக்கிவைத்த கதை இல்லை, இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. அடித்தது, திருத்தியது, பாதியில் விட்டது எல்லாம் உங்கள் கண்ணில் படும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எனக்குக் கிடைத்தது ஒரு ஷேர் ஆட்டோவில். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழி, தை மாதம். எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள், “எங்க வூட்ல புரட்டாசியே இன்னும் முடியலக்கா” என்றாள். இருவரும் சிரித்தார்கள். சொன்னவளின் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அந்தப் பெண் இதைப் படித்தால், “நான் இப்படி இல்லையே” என்பாள். இல்லைதான் தாயே. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வரி மட்டும்.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: புரட்டாசி பெருமாள் மாதம். எங்கள் பக்கம் பல வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை கிடையாது. மாதம் முடிந்த முதல் ஞாயிறு கோழிக்கடையில் நிற்க இடம் இருக்காது.)

2

தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

“ஒரகடம் கூட்டு ரோட்டில், கண்டெய்னர் லாரிகளின் தூசுக்கு நடுவே சூரியன்...”

விட்டுவிட்டேன். சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“உலகப் பொருளாதாரம் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த ஆண்டில்...”

இதையும் விட்டேன். உலகம் தள்ளாடியதை நான் கட்டிய ரத்னா பார்க்கவில்லை. அவள் பார்த்தது, தன் புருஷன் டில்லிபாபு வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பியதை. அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

டில்லிபாபு கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். வழக்கமாக ஓ.டி. பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவான். அன்று செருப்பைக் கழற்றும்போது வாசலில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?”

“ஓ.டி.ய நிறுத்திட்டானுங்க. ஆர்டர் இல்லியாம்.”

“எத்தினி நாளைக்கு?”

“சூப்பர்வைசருக்கே தெரில. மார்ச்சோட எங்க காண்ட்ராக்ட்டு முடியுது. மறுபடியும் போடுவானுங்களா, அதுவும் தெரில.”

சம்பளம் வாடகைக்கும் பைக் தவணைக்கும் போய்விடும். ஓ.டி.தான் குழம்பு. அது நின்றதும் ரத்னா ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தாள். கேபிள் போனது. பால் பாக்கெட் பாதியானது. தக்காளி விலை ஏறிய வாரம் புளி மட்டும் கரைந்தது. கேஸ் மிச்சம் பிடிக்கக் காலையில் வடித்த சோறே ராத்திரிக்கும்.

எதை நிறுத்தும்போதும் அதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டாள். (இதைச் செய்யாத குடும்பப் பெண் உண்டா, சொல்லுங்கள்.) டீயில் பால் குறைந்தால் டில்லிபாபு கேட்கமாட்டான். அவள் பூ வாங்காவிட்டால் கேட்க யாருமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு மட்டும் ஆள் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள், ஏழாம் வகுப்பு படிக்கும் தென்றல்.

3

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. தெருவெல்லாம் மசாலா வாசனை.

“ம்மா, கறி வாங்கலியா? அதான் புரட்டாசி போய்ட்ச்சே.”

ரத்னா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: “வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினுகீறேன். பங்குனி உத்திரம் வரைக்கும் நம்ம வூட்ல கவுச்சி கெடையாது.”

வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்கு இது புதுச் செய்தி. பிறகு புரிந்துகொண்டான். “பெருமாள் வுட்டாரு, மருமவன் புடிச்சிக்கினாரு” என்றான்.

“எதுக்கும்மா வேண்டிக்கின?”

“அப்பாவுக்கு வேல நெலைக்கணும்னுதான்.”

(இந்த ஒரு வரியை நான் எத்தனையோ தரம் அடித்துப் பார்த்தேன். “சும்மாதான்டி” என்று மாற்றினேன். “எல்லாரும் நல்லா இருக்கணும்னு” என்று மாற்றினேன். அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கையில் வெங்காயமும் மனசில் மார்ச் மாதமும் இருக்கிற பெண் வாயில் வேறு எது வரும்? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

4

வேண்டுதலால் முதலில் போனது ஷெர்லின் வீட்டுக் கிண்ணம்.

ஷெர்லின் அடுத்த போர்ஷன்காரி. ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து கோழிக் குழம்பு வைத்தால், மூடி போட்ட கிண்ணம் ஒன்று ரத்னா வீட்டுக்கு வரும். வேண்டுதல் சேதி தெரிந்ததும் அது நின்றது.

“சாமி விசயம்கா. நா எப்டி உள்ள கொண்டாருவேன்?” என்றாள். வறுக்கும்போது தன் வீட்டு ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டாள்.

டில்லிபாபுவுக்கு அதுதான் தாங்கவில்லை. “வேண்டுதல் நம்மளுது. ஜன்னல் சாத்தறது அவுங்க. வாசனையாச்சும் வந்துகினு இருந்துது, அதுலயும் மண்ணு.”

“போய்த் தொறக்கச் சொல்லேன்.”

“இன்னான்னு சொல்லட்டும்? முருகனுக்கு மூக்கு இல்லன்னா?”

(இப்படியே சிரித்துக்கொண்டே முடிக்கலாம் என்று பார்த்தேன். ஒரு நாள் அந்த ஜன்னல் திறக்கிறது, கிண்ணம் வருகிறது, எல்லாரும் சாப்பிடுகிறார்கள். எழுதியும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தென்றல் எங்கேயுமே இல்லை. பெரியவர்கள் நாங்கள் ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள்?)

5

ஷெர்லினுக்கு வேலை, தென்றல் படிக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில். தை மாதம் ஒரு சாயங்காலம் வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது.”

“இன்னாடி பீடிகை?”

“பாப்பா ஸ்கூல்ல முட்டை சாப்புடறதில்லக்கா.”

“போடி. முட்டைன்னா அதுக்கு உசிரு.”

“தட்டுல வெக்கிறது நாந்தானே. வெச்ச ஒடனே எடுத்துப் பக்கத்துப் பொண்ணுகிட்ட தள்ளிடுது. இன்னா பாப்பான்னு கேட்டா, வூட்ல வேண்டுதல் ஆன்ட்டி, வாழப்பழம் குடுங்கன்னுது. சாமி விசயமாச்சேன்னு நானும் பழமே குடுத்துகினு இருந்தேன்.”

“எப்பலேர்ந்து?”

“புரட்டாசி முடிஞ்சதுலேர்ந்தேதான். நேத்து நர்சம்மா வந்து புள்ளைங்க கண்ண எல்லாம் இழுத்துப் பாத்தாங்க. நம்ம பாப்பாவுக்கு ரத்தம் கம்மியாம். முட்டை, கீரைன்னு நல்லா குடுக்கச் சொன்னாங்க. அப்புறமும் நா வாய மூடிக்கினு இருந்தா நல்லா இருக்காதுக்கா.”

ரத்னா கீரையைக் குறைக்கவில்லை. முட்டையையும் அவள் நிறுத்தவில்லை, அது அவள் வீட்டுச் செலவே இல்லை. கறியைத் துணிந்து நிறுத்தியதே, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு முட்டை கிடைத்துவிடும் என்ற தைரியத்தில்தான். காசில்லாமல் வந்த ஒன்றும் அவள் சொன்ன ஒரு பேச்சில் போய்விட்டது.

(இங்கே ஒரு பெரிய வாக்கியம் எழுத ஆசைப்பட்டேன். “சிக்கனம் என்பது ஒரு கத்தி, அது எந்தப் பக்கம்...” வேண்டாம். உங்களுக்கே தெரியும்.)

6

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பாக ரத்னா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“ஸ்கூல் முட்டை விரதத்துல சேராது பாப்பா. வூட்டுக்கு மட்டும்தான் வேண்டுதல்.”

“வாய் ஒண்ணுதானம்மா.”

“சின்னப் புள்ளைங்களுக்கு முருகன் கணக்கு பாக்க மாட்டாரு.”

தென்றல் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தீவாளி லீவு முடிஞ்சி மொதோ நாளு நா சாப்ட்டேன். பசி, ஒண்ணுதானேன்னு சாப்ட்டேன். அன்னிக்கி சாய்ந்தரம்தான் அப்பா வந்து சொன்னாரு, சுப்பராயன் மாமாவ வேலைய வுட்டு நிறுத்திட்டாங்கன்னு.”

சுப்பராயன், டில்லிபாபுவோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர்.

“அதுக்கும் இதுக்கும் இன்னாடி?”

“அப்பாவுக்குப் போவேண்டியது மாமாவுக்குப் போய்ட்ச்சு. அடுத்த வாட்டி நா சாப்ட்டா?”

கம்பெனிக்காரர்கள், ஆர்டர், காண்ட்ராக்ட் என்று யார் யார் கையிலோ இருக்கிற அப்பாவின் வேலையை இந்தப் பிள்ளை தன் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே.

7

இனி எப்படி முடிப்பது? கூடமாட யோசியுங்கள்.

முதல் வழி: முருகன் கனவில் வந்து “சாப்பிடச் சொல்” என்றார் என்று ரத்னா சொல்லலாம். தென்றல் நம்புவாள். சாப்பிடுவாள். மார்ச்சில் காண்ட்ராக்ட் போடாமல் விட்டால்? முட்டைதான் காரணம் என்று அந்தப் பெண் கிழவியாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது: பங்குனி உத்திரம்வரை பொறுத்திருப்பது. ரத்தம் பொறுக்காது. அதுவரை பொறுத்து வேலையும் நிலைத்துவிட்டால், பட்டினி கிடந்தால்தான் அப்பா பிழைப்பார் என்பது உறுதியாகிவிடும். அது இன்னும் மோசம்.

மூன்றாவது வழியைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள்.

“உள்ளத சொல்லிடு ரத்னா.”

“கறி வாங்க வக்கில்லன்னா?”

“ஆமா.”

“அப்பன் வேல அப்பன் கையிலயே இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். பயந்துடாதா?”

“இப்ப மட்டும் பயப்படலியா? அப்பன் வேல தன் கையில கீதுன்னு நெனச்சிக்கினு பயப்படுது. அந்த பயம் எனக்கு ஆவாது.” டில்லிபாபு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

(டில்லிபாபுவை நான் வெறும் கேலிக்காரனாகத்தான் நினைத்திருந்தேன். அவன் வாயில் இது வரும் என்று எனக்கே தெரியாது.)

8

மறுநாள் காலை ரத்னா கடையில் ஒரு முட்டை வாங்கினாள். ஒன்றே ஒன்று. அவித்து, உரித்து, உப்பும் மிளகும் தூவி, நூலால் இரண்டாக அறுத்தாள். சீருடையோடு உட்கார்ந்திருந்த தென்றலின் முன்னால் தட்டை வைத்தாள்.

“நா முருகன்கிட்ட ஒண்ணும் வேண்டிக்கல பாப்பா. கறி வாங்கத் துட்டு இல்ல. அத உங்கிட்ட சொல்ல வாய் வரல. அதான் அவுரு பேர சொல்லிட்டேன்.”

தென்றல் தட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். “அப்ப சுப்பராயன் மாமா?”

“ஆர்டர் இல்லன்னு நிறுத்துனாங்க. நீ சாப்ட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்பாவுக்கும் போய்டுமா?”

“தெரியாது.”

“நெஜமாவே தெரியாதா?”

“நெஜமாவே தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. போனா வேற வேல தேடுவாரு, நானும் எதுனா பாப்பேன். அது எங்க வேல. உன்னுது இல்ல.”

பிறகு ரத்னா ஒரு பாதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். “பேர சொன்னவ நானு. சாமி கேக்கறதா இருந்தா என்னியே கேக்கட்டும்” என்றாள். மென்று விழுங்கும்வரை மகள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

இன்னொரு பாதி தட்டில் இருந்தது. வெளியே ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தென்றல் கையை...

இங்கே நிறுத்திவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மார்ச்சில் டில்லிபாபுவுக்கு மறுபடி வேலை போட்டார்களா என்று கேட்பீர்கள். அதை எழுத ஒரு வரி போதும், எனக்கும் கை வரும். எழுதமாட்டேன். போட்டார்கள் என்று எழுதினால், முட்டையைச் சாமி மன்னித்துவிட்டது என்றாகும். போடவில்லை என்று எழுதினால், என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எப்படி எழுதினாலும் அந்தப் பெண் மடியில் கொண்டுபோய் அந்தப் பழியை வைத்தவளாகிவிடுவேன். அவள் அம்மா அப்போதுதான் கஷ்டப்பட்டு அதை இறக்கிவைத்திருக்கிறாள்.

ஆகவே தட்டில் இருக்கிற பாதியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அவள் சாப்பிடுவதாக நீங்கள் நினைத்தால், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் நினையுங்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பு நிற்காமல் எரியட்டும், கண்ணுகளா. குறைக்க வேண்டிய காலம் வந்தால், குறைத்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வாய் வரட்டும். உங்கள் பிள்ளைகள் சாப்பிடும்போது, அவர்கள் தட்டில் சோறு மட்டும் இருக்கட்டும்.