ரங்கநாயகியின் எலும்பு வயது

முழங்கால் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரங்கநாயகி தன் வயதை ஐம்பத்தெட்டு என்று கூசாமல் சொன்னாள். கணவர் சென்னகிருஷ்ணனை விட நான்கு வருஷம் மூத்தவள் என்பதைக் கல்யாண நாளிலிருந்தே மறைத்து வந்தவளுக்கு, வயதைக் குறைப்பது மூச்சு விடுகிற மாதிரி.

வெட்டியெடுத்த எலும்புத் துண்டை, அவள் சம்மதத்தோடு, அதன் செல்களை வளர்த்துப் பார்க்கப் பீளமேட்டு ஆய்வுக்கூடம் ஒன்று வாங்கிப் போனது. எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே என்று பெருந்தன்மையாகக் கொடுத்திருந்தாள்.

சில மாதங்கள் கழித்து ஹாரிகா என்ற ஆராய்ச்சி மாணவி ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த காபி ஆறும்வரை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எலும்புச் செல்லுக்கு வந்தாள். வளரச் சொல்லி உடம்பு அனுப்பும் வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் இருக்கின்றனவாம். வயதாக ஆக அவை குறைந்துவிட, எவ்வளவு ஊற்றினாலும் செல் பெரிதாகச் சட்டை செய்யாதாம்.

"ஐம்பதுகள்ல இருக்கறவங்க செல் எல்லாம் நல்லாப் பெருகுதுங்கம்மா. உங்களுது அதுல பாதிகூட இல்லீங்க. வயசைத் தப்பா எழுதிப்போட்டாங்களோன்னு கேக்க வந்தேனுங்க."

ரங்கநாயகிக்குச் சுருக்கென்றது. மாமியார், நாத்தனார் என்று ஒரு குடும்பத்தையே ஏய்த்தவளைச் சுண்டைக்காயளவு எலும்பு காட்டிக் கொடுத்துவிட்டது. உங்கள் தண்ணீரில்தான் கோளாறு என்று சாதித்துப் பார்த்தாள். மற்றவர்களுடையதும் அதே தண்ணீரில்தான் வளர்ந்தது என்றாள் ஹாரிகா. வயது உறுதியாகாவிட்டால் அந்தச் செல்லைக் கணக்கில் சேர்க்காமல் வீசிவிடச் சொல்லியிருக்கிறாராம் புரொபசர்.

வீசுவதா? அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அறுபத்தொம்பது கண்ணு. இப்பப் பாரு, அது எப்படி இருக்குதுன்னு."

ஹாரிகா முகம் மலர்ந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் இதுதான் முதலிடம் என்றாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் ரங்கநாயகிக்கு வாய் நிற்கவில்லை. "ஏனுங்க, அறுபத்தொம்பது வயசுலயும் என் எலும்புதான் பர்ஸ்ட்டாமுங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

சென்னகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வயசு தெரிஞ்சதுதானே. பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கண்ணன் சொல்லிப்போட்டாரு" என்றார்.

இத்தனை வருஷப் பாடும் வீண். அன்றிரவு ரசத்தில் உப்பு இல்லை. மறுநாள் ரங்கநாயகி ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, அறுபத்தைந்து வயது ஆம்பளை எலும்பு தேவைப்படுமா என்று விசாரித்தாள்.